லேசா இருக்காம்

கடலூரில் இருபது வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். லைசென்ஸுக்கு வருகிறவர்களின் உடம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு டாக்டர் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நான் பத்துப் பாரத்தை மொத்தமாகக் கொண்டுபோய் நீட்டுவேன். அவர் ஆளையும் பார்க்க மாட்டார், போட்டோவையும் பார்க்க மாட்டார். சரசரவென்று போட்டுத் தள்ளிவிட்டு, வெயில் ஜாஸ்தியாக இருக்கிறதே என்பார். உடம்பைப் பரிசோதிப்பது என்றால் அவ்வளவுதான் என்று நாற்பத்தெட்டு வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். தங்கைக்குக் கிட்னி கொடுக்கிறேன் என்று முன்னால் போய் நின்ற பிறகுதான், ஒரு மனுஷனை எவ்வளவு தூரம் உள்ளே புகுந்து பார்க்கலாம் என்று தெரிந்தது.

எனக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். ஐந்து வயது சின்னவள். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை காலேஜுக்குப் போன பிறகும் நான் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சான் அங்கே மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகு, அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அது நான்தான்.

அவளுக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. மாத்திரை போட்டால் தலைவலி நின்றுவிடும். தலைவலி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவாள். அப்படியே நாலைந்து வருஷம் ஓட்டியிருக்கிறாள். முகம் வீங்கி, சோற்றைக் கண்டாலே குமட்டி, ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு கிட்னியும் சுருங்கிப்போய்விட்டன என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் அவளை அங்கேயே வைத்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். எனக்கு எதற்கும் முதலில் கோபம்தான் வரும், அழுகை அப்புறம்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு, சரிண்ணா, சரிண்ணா என்றாள்.

சிதம்பரத்தில் டயாலிசிஸுக்கு இடம் கிடைக்கவில்லை என்று கடலூருக்கு வந்தாள். செவ்வாயும் சனியும். காலையில் பஸ் ஏறி வந்து, நாலு மணி நேரம் மிஷினில் கிடந்து, ஷேர் ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வாள். சாயங்காலம் நான் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிடுவேன். இப்படியே காலம் தள்ள முடியாது, யாராவது ஒரு கிட்னி கொடுத்தால்தான் ஆகும் என்று டாக்டர் சொன்னார். இறந்தவர்கள் கொடுக்கிற கிட்னிக்கும் பதிவு செய்து வைத்தோம். அந்த வரிசை எப்போது நகரும் என்று அந்த ஆண்டவனுக்கே தெரியாது.

மச்சானுக்குச் சர்க்கரை. அவர் கொடுக்க முடியாது. மகள் நான் தருகிறேன் என்றாள். கல்யாணம் ஆகாத பெண், அதெல்லாம் பேசவே கூடாது, செத்தாலும் வாங்க மாட்டேன் என்று பாப்பா ஒரே பிடியாக நின்றாள். பேச்சு வளர்ந்துகொண்டே போனது. என் வீட்டுக் கூடத்தில்தான் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன், நான் ஒருத்தன் உசுரோட இல்லியா?" என்று கத்தினேன்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். குடுங்க, அவுங்களுக்கு உங்கள விட்டா யாரு இருக்கா என்று அவள்தான் முதலில் சொன்னாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததற்கு என் பெண்டாட்டியைக் காரணம் காட்ட எனக்கு வழியில்லை. பாப்பா மட்டும், பஸ் ஏற்றப் போகும்போது, நல்லா யோசிச்சு சொல்லுண்ணா என்றாள். யோசிக்க என்ன இருக்கு, வாயை மூடு என்று அதட்டினேன்.

சோதனைகள் ஆரம்பித்தன. அது வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். முதலில் ரத்த வகை. ஒன்றாக இருந்தது. அப்புறம் என் ரத்தத்தையும் அவள் ரத்தத்தையும் ஒன்றாகக் கலந்து சண்டை போடுகிறதா என்று பார்த்தார்கள். சண்டை போடவில்லை. நெஞ்சைப் பார்த்தார்கள், கல்லீரலைப் பார்த்தார்கள், பல்லைக்கூட விடவில்லை. இருபத்துநாலு மணி நேரத்து மூத்திரத்தை ஒரு சொட்டு விடாமல் பிடித்து வரச் சொல்லி ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கொடுத்தார்கள். நான் வண்டி கற்றுக்கொடுக்கிற நேரத்தில் வீட்டில் உட்கார முடியுமா? கேனைத் துணிப்பையில் போட்டுக் காரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டே போனேன். கற்றுக்கொள்ள வந்த ஒரு டீச்சரம்மா, என்ன சார் இது, மோரா என்று கேட்டுவிட்டார். பாப்பாவிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் கொடுக்க வந்தவர்கள் உட்கார ஒரு பெஞ்ச் வரிசை உண்டு. நான் போன ஒவ்வொரு தடவையும் பார்த்தேன், என்னைத் தவிர அத்தனையும் சேலை. பெண்டாட்டி புருஷனுக்குக் கொடுக்கிறாள், அம்மா மகனுக்குக் கொடுக்கிறாள், அக்கா தம்பிக்குக் கொடுக்கிறாள். திட்டக்குடியிலிருந்து புருஷனுக்குக் கொடுக்க வந்த ஓர் அம்மா என்னிடம் யாருக்கு என்று விசாரித்தார். தங்கைக்கு என்றேன். அண்ணன் தங்கைக்குக் குடுக்குறதை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லி, பக்கத்தில் இருந்தவர்களிடமும் என்னைக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு ஊர் திரும்பும்வரை ஏதோ கொடுத்தே முடித்துவிட்டவன் மாதிரி வந்தேன்.

கடைசியில் ஒரு ஸ்கேன். கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். உடம்பு முழுக்க ஒரு சூடு பரவியது. மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. முடிந்து எழுந்து வந்தபோது அங்கே இருந்த தம்பி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். ரெண்டும் ஜம்முன்னு இருக்கு சார், இடது பக்கம் உள்ளதை எடுப்பாங்க என்றான். இரண்டையும் பார்த்தேன். அவரைக்கொட்டை மாதிரி இரண்டு பக்கமும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. அதுவரைக்கும் கிட்னி என்பது ஒரு பேச்சாகத்தான் இருந்தது. அன்றைக்குத்தான் அது என் வயிற்றுக்குள் இருப்பது எனக்குத் தெரிந்தது.

எனக்குப் பயம் வந்துவிட்டது. அவ்வளவுதான். இதற்கு மேல் நல்ல காரணம் எதுவும் என்னிடம் கிடையாது. ஒன்றை வைத்துக்கொண்டு நூறு வயது இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார், மூன்று மாதத்தில் வண்டி ஓட்டலாம் என்றார். எல்லாம் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஸ்கேன் முடிந்து இரண்டு வாரமும் எதிரே ஒரு நாய்கூட இல்லாத ரோட்டில் அந்த பிரேக்கைப் போட்டுக்கொண்டே இருந்தேன். கற்றுக்கொள்ள வந்தவர்கள், சார் நான் என்ன தப்பு பண்ணேன் என்று கேட்டார்கள். அவர்கள் மேலேயே எரிந்து விழுந்தேன்.

எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு, கொடுக்கிறவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். ஒரு சின்ன அறை. ஒரு பெண் டாக்டர், என்னைவிட வயது குறைந்தவர். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். யாராவது கட்டாயப்படுத்தினார்களா, பணம் ஏதாவது பேசினார்களா என்று கேட்டார். அதற்கெல்லாம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன், கடகடவென்று சொன்னேன். அவர் எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், ஒங்களுக்கே வேணாம்னு தோணுச்சுன்னா இப்ப சொல்லிடலாம். பொருந்தலன்னு மட்டும்தான் வெளிய சொல்லுவோம். காரணம் இந்த ரூமத் தாண்டாது."

கொடுக்கப் பயப்படுகிறவன் வீட்டாரின் பேச்சுக்கு அஞ்சி உடம்பைக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். எல்லாரிடமும் கேட்பார்களாம். அப்படி ஒரு கதவு இருப்பது அந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஆபரேஷன் மேஜையில் ஏறிப் படுத்திருப்பேன் என்று ரொம்ப நாள் அந்த டாக்டரைக் கறுவிக்கொண்டு திரிந்தேன். அந்தம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. அவர் கதவைத் திறந்து காட்டினார், வெளியே ஓடியவன் நான்.

"முடியாதுபோல இருக்கு மேடம்" என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. முகமும் மாறவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, அவசரமில்லை, உட்கார்ந்து குடித்துவிட்டுப் போகலாம் என்றார். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெளியே பாப்பாவும் மச்சானும் நின்றுகொண்டிருந்தார்கள். டாக்டர் என்னோடு வந்து, உங்க அண்ணனோட கிட்னியை எடுத்து வைக்கப் பொருந்தலம்மா என்று அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். மச்சான் சுவரில் சாய்ந்துவிட்டார். பாப்பா தனக்குப் போய்விட்டதே என்று ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்தாள்.

"உனக்கு என்னாண்ணா? உன் கிட்னியிலயும் கோளாறா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏதோ பொருந்தவில்லையாம், அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே பரிதாபம் வந்துவிட்டது. திட்டு வாங்க வேண்டிய இடத்தில் ஒருத்தி இரக்கப்படுகிறாள், அதை விட மனசில்லை.

"லேசா இருக்காம்" என்றேன்.

டாக்டர் சொன்ன பொய் இல்லை அது. நானாகச் சொன்னது. பாப்பா அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள். தன் வியாதியைக் கேட்டபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

அன்றிலிருந்து நான் நோயாளி. சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். எங்கள் அண்ணனுக்கும் இருக்குதாம், எனக்குக் குடுக்கப் போன இடத்துலதான் தெரிஞ்சுது, நல்லவேளை முன்னாடியே பார்த்துட்டாங்க என்று. தனக்குக் கொடுத்திருந்த சாப்பாட்டுச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து வந்து எங்கள் அடுப்படியில் ஒட்டினாள். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, உப்பு கூடாது. காய்கறியில் உள்ள உப்புச் சத்து இறங்க, அதை நறுக்கி வெந்நீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும் என்று என் மனைவிக்குக் கூட நின்று செய்து காட்டினாள். என் மனைவிக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை. கல்லு மாதிரி உடம்பை வைத்துக்கொண்டு உப்பில்லாத சோற்றைத் தின்றேன். மாத்திரை எங்கே என்று பாப்பா கேட்பாள் என்று, மெடிக்கலில் சத்து மாத்திரை வாங்கி ஒரு டப்பாவில் போட்டுவைத்தேன். டாக்டரிடம் போனாயா என்றால், பாண்டிச்சேரியில் ஒருவரிடம் காட்டுகிறேன் என்பேன்.

ஒருமுறை ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போயே ஆக வேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே கோரைக்கிழங்கில் செய்த பிரசாதம் கொடுப்பார்கள், நோய் தீரும் என்பார்கள். டயாலிசிஸுக்கு மறுநாள், நடக்கவே தெம்பில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். ஊசி குத்திக் குத்தி இடது கை பாம்பு சுற்றின மாதிரி புடைத்திருந்தது. அண்ணனுக்கு இது ஏறாம பாத்துக்க சாமி என்று வாய்விட்டே வேண்டினாள். தன் பங்குப் பிரசாதத்தையும் என் கையில் வைத்தாள். எனக்கு முத்திப்போச்சு, உனக்கு இப்பதானே ஆரம்பம், நீ சாப்புடு என்றாள். சாப்பிட்டேன். தண்ணீர் விட்டுத்தான் உள்ளே இறக்கினேன். அதற்கும், தண்ணி ரொம்பக் குடிக்காத என்றாள்.

பயம் ஆறு மாதத்தில் போய்விட்டது. இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். சத்தியமாகச் சொல்கிறேன், ஆறு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டிருந்தால் கொடுத்திருப்பேன். மனசு மாறினால் திரும்ப வாருங்கள் என்றும் அந்த டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் இப்போது தருகிறேன் என்றால், அன்றைக்கு லேசா இருக்காம் என்று சொன்னது என்ன ஆனது என்று அவள் கேட்பாளே. கொடுக்கப் பயந்ததை அவள் மன்னித்திருப்பாள். அத்தனை மாதமாக என்னை நோயாளி என்று நம்பி அவள் செய்ததையெல்லாம் வாங்கித் தின்றேனே, அதை எந்த முகத்தோடு சொல்வது?

சொல்லிவிடுவது என்று ஒருநாள் துணிந்து சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வீட்டுக்குள் நுழைந்தால் பாப்பா ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு உருளைக்கிழங்கை வெந்நீரிலிருந்து அரித்து எடுத்துக்கொண்டிருந்தாள். நான் வருகிறேன் என்று மச்சான் சொல்லியிருக்கிறார். எனக்காக ஊறப்போட்டது. மூச்சு வாங்கியது அவளுக்கு. உக்காருண்ணா, ரெண்டு தண்ணி மாத்திட்டேன், இது உனக்கு ஒண்ணும் பண்ணாது என்றாள். நான் உட்கார்ந்தேன், சாப்பிட்டேன், அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்துவிட்டேன்.

அந்த வருஷம் பொங்கல் சீரையும் எடுத்துவரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். வைத்தியத்துக்கு வைத்துக்கொள் என்றாள்.

அப்புறம் அவளுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ள ஆரம்பித்தது. வாரம் மூன்று முறை மிஷின் என்று ஆனது. மிஷினுக்கு ஊசி குத்துகிற கை நரம்பு அடைத்துக்கொண்டது, கழுத்தில் குழாய் போட்டார்கள். காய்ச்சல் வந்தது. கடலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலாம் நாள் காலையில் டாக்டர் பார்க்க வந்தபோது, நானும் மச்சானும் மகளும் கட்டிலைச் சுற்றி நின்றோம். பாப்பாவுக்குப் பேச்சு நன்றாகத்தான் இருந்தது. டாக்டரிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றாள். பதிவு செய்து வைத்திருக்கிற வரிசையில் தனக்கு மூன்று வருஷத்து இடம் இருக்கிறது, அது வீணாகப் போகக் கூடாது என்றாள்.

"என் நம்பர எங்க அண்ணனுக்கு மாத்திக் குடுத்துடுங்க சார். அவருக்கும் கிட்னிதான். அவரு புதுசா போய் நின்னாருன்னா ரொம்ப நாளாவும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். அதெல்லாம் அப்படி மாற்ற முடியாதும்மா என்று பக்குவமாகச் சொன்னார். நீங்க எந்த டாக்டர்கிட்ட காட்டுறீங்க என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். பாப்பா முந்திக்கொண்டு, பாண்டிச்சேரியில பாக்குறாரு சார், இன்னும் மிஷின் வரைக்கும் போவல என்றாள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். இரண்டு நாளில் அவள் போய்விட்டாள்.

சிதம்பரத்துக்குக் கொண்டுபோனோம். பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை வந்து மேலே விழ வேண்டும். என் மனைவி பச்சையில் ஒன்று எடுத்து வந்தாள், நான் போர்த்தினேன். அதுவரைக்கும் எனக்கு அழுகை வரவில்லை. புடவை விரித்த கையை எடுக்க முடியாமல் அப்படியே அவள் மேல் விழுந்து கத்தினேன். நான் கொன்னுட்டேன் என்று கத்தினேன். பாவம், கிட்னி குடுக்க முடியாமப் போச்சேன்னு அழுவுறாரு என்று யாரோ பெண்கள் சொன்னது காதில் விழுந்தது. மச்சான் வந்து என்னைத் தூக்கி அணைத்துக்கொண்டார்.

பாடை கட்டி முடித்தார்கள். தூக்குவதற்கு நாலு பேர் வாங்க என்றார்கள். நான் முன்பக்கம் போய்க் குனிந்து மூங்கிலில் கை வைத்தேன். அவளுக்கு நான் செய்ய இனி அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அவள் மகள் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். அழுது அழுது குரலே இல்லை அந்தப் பெண்ணுக்கு.

"மாமா, நீங்க தூக்காதீங்க. மாமாவ வெயிட்டு தூக்க விடக்கூடாதுன்னு அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க."

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், அறுபது வயதுக்கு மேல், மூட்டில் பட்டை கட்டியிருந்தார். அவர் என்னை விலக்கிவிட்டு, நீங்க இருங்க சார் என்று என் இடத்தில் தோளைக் கொடுத்தார். பந்தலில் எனக்கு ஒரு சேர் எடுத்துப் போட்டார்கள். நான் போய் உட்கார்ந்தேன்.